பதினான்காம் ஸ்தலம் வரை

ஓகஸ்ட் மாதத்தில் சிலுவைப்பாதை செபிக்கிற மனிதரை யோசெப்பின் தன் வாழ்நாளில் கண்டதில்லை. ஆண்டவர் சிலுவை சுமந்த வழியைப் பதினான்கு ஸ்தலங்களாக்கி, ஒவ்வொன்றிலும் முழந்தாளிட்டுச் செபிக்கிற செபம் அது; தவக்காலத்தில் செபிப்பார்கள். பெரிய வெள்ளியன்று கொட்டாஞ்சேனைத் தெருக்கள் நிறையச் சனம் நின்று, வெயிலில் வெந்து செபிக்கும். நத்தாருக்குக் கேக் அடிப்பதைப் போல அதற்கென்று ஒரு காலம் இருக்கிறது. ஆகவே, பண்டாரவளைக்கு அங்காலே அந்த விடுமுறைப் பங்களாவின் பின்னாலுள்ள சின்ன மலையடியில் நின்று, பேர்ள் தன் கைப்பையைத் திறந்து ஒரு செபப் புத்தகத்தை வெளியே எடுத்தபோது, அதில் ஏதோ சூது இருக்கிறதென்று யோசெப்பினுக்குப் பட்டது.

"சும்மா கதைச்சுக்கொண்டு ஏறாமல், சிலுவைப்பாதை செபிச்சுக்கொண்டு போவமே," என்றாள் பேர்ள். "பாருங்கோ, ஒவ்வொரு வளைவிலையும் ஸ்தலம் கட்டி வச்சிருக்கினம். மேல போனா பெரிய குருசு. அங்கயிருந்து பாத்தா நல்ல வியூ எண்டு சொல்லுறாங்கள்."

"இந்த மாசத்திலயா?" என்றார் றேமண்ட். அவர் யோசெப்பினின் கணவர். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனதில் வந்ததை வாய்க்குள் வைத்திருக்கத் தெரியாத மனிதர்.

"செபிக்கிறதுக்கு என்ன சீசன், றேமண்ட்?" என்று பேர்ள் சிரித்தாள். சிரிக்கும்போது அவளுடைய பார்வை றேமண்டைத் தாண்டி, பின்னால் நின்ற டிலக்ஷியின் கால்களில் போய் நின்றது.

யோசெப்பினுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெள்ளவத்தையில் கடல் தெரிகிற ஃபிளாட்டில் இருக்கிற பேர்ள், கொட்டாஞ்சேனைக் குடும்பமொன்றைத் தன் செலவில் வான் பிடித்து மலைநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது கேக்கும் தேத்தண்ணியும் கொடுக்க அல்ல. இது பெண் பார்க்கிற படலம்தான். முகத்தைப் பார்த்தாகிவிட்டது, மிச்சத்தைப் பார்க்க வந்திருக்கிறாள்.

டிலக்ஷி யோசெப்பினின் ஒரே மகள். முப்பத்துமூன்று வயது. கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. சில வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் காலை, அவள் பஸ்ஸால் இறங்கிக் கால் நிலத்தில் படும் முன்னே பஸ்காரன் எடுத்துவிட்டான். பின்னால் வந்த பஸ்ஸோடு அவனுக்குப் போட்டி. இடது முழங்காற்சில்லு உடைந்து, கம்பியும் ஸ்குரூவும் போட்டுத் தைத்தார்கள். மட்டமான தெருவில் அவள் நடந்தால் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. படி இறங்கினால் இடப்பக்கம் கொஞ்சம் தாழும். முழந்தாளிட மட்டும் கூடவே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்துப் பெண்ணாகப் பிறந்திருந்தால் அது வெளியில் தெரிந்திருக்கவே தெரிந்திராது. கத்தோலிக்கப் பெண்ணுக்கு அது ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடுகிற குறை.

யோசெப்பின் அதற்கும் வழி பார்த்தாள். பூசைக்கு வேண்டுமென்றே பிந்திப் போனார்கள். பிந்திப் போனால் வாசலோடு நிற்கிற சனத்துக்குள் நின்றுவிடலாம். ஆனால் கோயிலில் பீடத்தைப் பார்க்கிற கண்களைவிடப் பக்கத்து ஆளைப் பார்க்கிற கண்கள் அதிகம். பூசையில் சுவாமியார் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்ற நேரத்தில் எல்லோரும் முழந்தாளிட, றேமண்டின் மகள் மட்டும் மரம்போல நிற்கிறாள் என்று கதை எழும்பியது. அல்லேலூயாச் சபைக்கு மாறிவிட்டாள் என்றார்கள் சிலர். இல்லை, காலில் ஏதோ கோளாறு என்றார்கள் சிலர். இரண்டில் எது கலியாணச் சந்தையில் பெரிய குற்றம் என்று கேட்டால் கொட்டாஞ்சேனையில் சண்டை வரும்.

முன்பு வந்த சம்பந்தங்களுக்கு யோசெப்பின் உண்மையைத்தான் சொன்னாள். ஒரு பகுதியினர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு பகுதியினர் எக்ஸ்ரேயை அனுப்பச் சொன்னார்கள். எக்ஸ்ரே திரும்பி வந்தது, பேச்சு வரவில்லை. அன்றைக்கு யோசெப்பின் ஒரு முடிவுக்கு வந்தாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய் என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அவள் ஒரு பொய்கூடச் சொல்லப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருக்கப் போகிறாள், அவ்வளவுதான். அது பாவமென்றால் பாவசங்கீர்த்தனத் தொட்டி எதற்கு இருக்கிறது?

பேர்ளின் மகன் மெல்ரோய் மெல்பேர்ணில் கம்பியூட்டர் வேலை. தகப்பன் இல்லை. குடிப்பதில்லை. மாதக் கணக்காக அவனும் டிலக்ஷியும் வீடியோவில் கதைத்தார்கள். பக்கத்து அறையில் சட்டி கழுவிக்கொண்டு நின்ற யோசெப்பினுக்கு மகளுடைய சிரிப்புச் சத்தம் கேட்கும். விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அந்தச் சிரிப்புக் கேட்டதேயில்லை. கேட்கக் கேட்க யோசெப்பினுக்குப் பயம்தான் கூடியது. 'சொல்லிப்போட்டு மற்றதைக் கதையுங்கோ மம்மி' என்று டிலக்ஷி பல தரம் சொன்னாள். 'நேரம் வரேக்க சொல்லுவம் மகள்' என்று யோசெப்பினும் பல தரம் சொன்னாள். றேமண்ட் கேட்டபோது, 'சொல்லியாச்சு, நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம்' என்றாள். ஒரு பொய்கூடச் சொல்லப்போவதில்லை என்றோமே, அதில் இது சேராது. புருஷனுக்குச் சொல்வதெல்லாம் கணக்கில் வருமா?

இப்போது மலையடியில் டிலக்ஷி தாயைத் திரும்பிப் பார்த்தாள். நேராக, கேள்வி கேட்கிற பார்வை. நேரம் வந்துவிட்டது மம்மி, சொல்லுங்கோ என்கிற பார்வை.

"ஓம் ஓம், நல்லதுதானே," என்றாள் யோசெப்பின் பேர்ளைப் பார்த்து. "செபிச்சுக்கொண்டே போவம்."

பங்களாவைப் பார்த்துக்கொள்கிற புஷ்பராஜ் தண்ணீர்ப் போத்தல்களோடு பின்னால் வந்தான். பக்கத்துத் தோட்டத்து ஆள். முதலாவது ஸ்தலத்தின் சுண்ணாம்பு பூசிய கல்லுக்கு முன்னால் சரளைக்கல் நிரம்பிய தரையைப் பார்த்துவிட்டு, "சாக்கு ஏதும் எடுத்தாரவாம்மா? முட்டி போட்டா கல்லு குத்துமே," என்றான்.

"வேண்டாம் புஷ்பராஜ். தபசு எண்டா கொஞ்சம் நோகத்தான் வேணும்," என்றாள் பேர்ள். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எனக்கு ஆத்திரைட்டிஸ், குனியக் கூடாது எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார். நான் நிண்டுகொண்டு வாசிக்கிறன். பிள்ளையள் முழந்தாளிடுங்கோ," என்றாள்.

தனக்கு டொக்டர் சொன்னதை இவ்வளவு சுகமாகச் சொல்லிவிடலாம் போல. சொல்வதற்கு மாப்பிள்ளையின் தாயாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெண் பார்க்கவென்று மெல்பேர்ணிலிருந்து லீவில் வந்திருந்த மெல்ரோய் முழந்தாளிட்டான். டிலக்ஷி வலது காலை மடித்து, இடது காலைப் பக்கவாட்டில் நீட்டினாற்போல வைத்துப் பாதி இறங்கினாள்.

"ரெண்டு முழங்காலும் மகள்," என்றாள் பேர்ள், தேன்போல. "ஆண்டவருக்கு முன்னால அரைகுறையா வேண்டாம்."

டிலக்ஷி இடது முழங்காலையும் கீழே வைத்தாள். அவளுடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெற்றவளுக்கு மட்டும் தெரிந்தது. ஊசி போடும்போது சின்ன வயதில் கீழுதட்டை உள்ளே இழுத்துக் கடிப்பாளே, அப்படிக் கடித்திருந்தாள்.

யோசெப்பின் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. இரண்டாவது ஸ்தலத்தில் மகளுக்கு இடப்பக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டு முழந்தாளிட்டாள். எழும்புகிற நேரம், "ஐயோ என்ர இடுப்பு, கொஞ்சம் பிடி மகள்," என்று மகளுடைய கையைப் பிடித்தாள். பார்க்கிறவர்களுக்கு மகள் தாயைத் தூக்கிவிடுவது மாதிரி இருக்கும். உண்மையில் யோசெப்பின்தான் தன் முழுப் பலத்தையும் கொடுத்து மகளைத் தூக்கிவிட்டாள். மூன்றாவதிலும் அப்படியே செய்தாள். தன் கெட்டித்தனத்தை நினைத்து அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது.

நாலாவதில் பேர்ள் புத்தகத்தை மூடினாள். "யோசெப்பின், உங்களுக்கும் ஏலாதுதானே? பாவம். இங்கால வாங்கோ, என்னோட நிண்டு நீங்கள் மறுமொழியைச் சொல்லுங்கோ. உங்களுக்கு நல்ல குரல்."

யோசெப்பின் போனாள். பேர்ளின் பக்கத்தில் நின்று, நல்ல குரலில் மறுமொழி சொன்னாள்.

பாதை அழகாகத்தான் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும், அதைப் பார்க்கத்தானே காசு கொடுத்துச் சனம் வருகிறது. ஒரு பக்கம் யூக்கலிப்டஸ் மரங்கள். மறுபக்கம் தேயிலை சரிந்து இறங்கி ஒரு பள்ளத்தில் போய் முடிந்தது. கீழே ரயில் ஒன்று சின்னதாக வளைந்து போனது. றேமண்ட் செபத்தைப் பாதியில் விட்டுவிட்டு அதைப் பார்த்துக் கொண்டு நின்றார். மஞ்சுக் காற்று முகத்தில் பட்டது. கொழும்பில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காற்றே ஒரு விருந்து. சாதாரணமாக ஏறினால் மூச்சு வாங்க முன்னே உச்சிக்குப் போய்விடலாம், அவ்வளவு சின்ன மலை. அதைப் பேர்ள் ஒரு பெரிய மலையாக்கிக் காட்டினாள்.

ஏழாவது, எட்டாவது என்று போகப் போக, டிலக்ஷி இறங்குவதற்கு முன்னால் ஒரு கணம் நின்று மூச்சை இழுத்துக்கொண்டாள். குளிரிலும் அவளுடைய மேலுதட்டில் வியர்வை நின்றது. ஒவ்வொரு முறையும் இறங்கும் முன்னர் தாயை ஒரு தடவை பார்த்தாள். ஒவ்வொரு முறையும் யோசெப்பினுக்குச் சுண்ணாம்புக் கல்லில் பார்க்க ஏதோ இருந்தது.

ஒன்பதாவதில்தான் யோசெப்பின் ஒன்றைக் கண்டாள். முழந்தாளிட்டிருந்த மெல்ரோய் டிலக்ஷியின் பக்கம் சாய்ந்து, காதுக்குள் என்னவோ சொன்னான். சொல்லிவிட்டு, அவள் தரையில் ஊன்றியிருந்த கையின்மேல் தன் கையை ஒரு நொடி வைத்து எடுத்தான். யோசெப்பினுடைய நெஞ்சு நிறைந்து, முகத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. நல்ல பிள்ளை. அன்பான பிள்ளை. இந்த ஒன்றுக்காக எந்த நோவையும் பொறுக்கலாம் என்று அவள் நினைத்தாள். பொறுப்பது யாருடைய முழங்கால் என்பது அந்த நேரம் அவளுக்கு நினைவில் இல்லை.

கதை சொல்கிறவன் கெட்டிக்காரன் என்றால், ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிற அந்த ஒன்பதாம் ஸ்தலத்தில் பெண்ணையும் விழுத்தியிருப்பான். டிலக்ஷி விழவில்லை. பதினான்கு ஸ்தலத்திலும் முழந்தாளிட்டாள், பதினான்கிலும் எழும்பினாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று யோசெப்பின் பிற்பாடு நினைத்தாள். விழுந்திருந்தால் யாராவது வாயைத் திறந்திருப்பார்கள்.

உச்சியில், குருசடியில், பேர்ள் யோசெப்பினைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். "ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது யோசெப்பின், உங்களுக்கு ஒளிச்சு என்ன? ஆக்கள் கண்டபடி கதைக்கிறாங்கள்தானே. கேட்டா நீங்கள் மனம் நொந்துபோவீங்கள். இப்ப ஒண்டுமில்லை. ஜனவரியில வைப்பமா, இல்லாட்டி ஈஸ்டர் கழிச்சு வைப்பமா?"

"உங்கட விருப்பம் பேர்ள்," என்றாள் யோசெப்பின். அவளுக்குக் கண்ணீர் வந்தது. வென்றுவிட்டோம் என்றுதான் வந்தது. எக்ஸ்ரே கேட்டவர்களுடைய முகங்களெல்லாம் அவளுக்கு நினைவில் வந்து போயின.

மெல்ரோய் எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தான். படத்தில் டிலக்ஷி குருசின் அடிக்கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சிரிக்கிறாள் போலத்தான் இருக்கிறது.

இறங்கும்போது அவள் எல்லோருக்கும் பின்னால் வந்தாள். புஷ்பராஜ் ஒரு தடியை வெட்டி, ஒன்றும் பேசாமல் அவளுடைய கையில் கொடுத்தான். பேர்ள் முன்னால் மண்டபம் பிடிப்பதைப் பற்றிக் கதைத்துக்கொண்டு போனதால் அதைக் காணவில்லை.

பங்களா அறைக்குள் வந்து கதவைப் பூட்டியபிறகுதான் டிலக்ஷி கட்டிலில் விழுந்தாள். காற்சட்டையைக் கழற்ற முடியவில்லை. முழங்கால் அதற்குள் அவ்வளவு வீங்கியிருந்தது. யோசெப்பின் தையல் கத்தரியால் துணியை நீளத்துக்கு வெட்டினாள். பழைய தழும்பு, தொடைக்குக் கீழிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை, இழுத்துப் பிடித்து மினுங்கியது. அதைச் சுற்றி முழுவதும் சிவப்பு.

"ஆண்டவரே," என்றாள் யோசெப்பின். "சரி, முடிஞ்சுது மகள். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ஜனவரியில வைப்பம் எண்டு பேர்ள் சொல்லிப்போட்டா."

டிலக்ஷி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "நான் ஒவ்வொரு ஸ்தலத்திலையும் பாத்தனான் மம்மி," என்றாள். "இந்தமுறை சொல்லுவா, இந்தமுறை சொல்லுவா எண்டு."

"சொன்னா எல்லாம் போயிருக்குமே பிள்ளை. உனக்காகத்தானே."

"அவருக்குத் தெரியும்."

"ஆருக்கு?"

"மெல்ரோய்க்கு. முதல் கிழமையே நான் சொல்லிட்டன். படமும் எடுத்து அனுப்பினனான், தழும்பு தெரிய. 'அதொரு பிரச்சினையும் இல்லை டிலா, ஆனா என்ர மம்மிக்கு இப்ப சொல்ல வேண்டாம்' எண்டவர். அதான் நானும் நம்பினனான், ஒரு ஆள் இருக்கிறார் எண்டு."

யோசெப்பின் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"மேல காதுக்குள்ள என்ன சொன்னவர் தெரியுமா?" என்றாள் டிலக்ஷி. "நீங்கள் பாத்துச் சிரிச்சீங்களே. 'இன்னும் அஞ்சுதான் டிலா, எப்பிடியாவது சமாளி' எண்டவர்."

ஒரு தாய்க்கு அந்த இடத்தில் என்னென்னவோ தோன்றியிருக்கலாம். கதவைத் திறந்துகொண்டு போய் அந்தப் பெடியனுடைய சட்டையைப் பிடித்திருக்கலாம். மகளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். யோசெப்பினுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். பெரிய, மனம் நிறைந்த நிம்மதி. அவள் அதை ஒளிக்கவும் இல்லை.

"அப்ப தெரிஞ்சுகொண்டுதான் சம்மதம் எண்டவரா?" என்றாள். "பிறகென்ன மகள்! இனி நாங்கள் ஏமாத்திப்போட்டம் எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது!"

டிலக்ஷி தலையைத் திருப்பித் தாயைப் பார்த்தாள். பிறகு, "சாப்பாட்டுக்குப் போங்கோ மம்மி, நான் வாறன்," என்றாள்.

மேசையில் கோழிக்கறியும் பருப்பும் சுடச்சுட இருந்தன. எல்லோரும் சோற்றைப் போட்டுக்கொண்ட பிறகு டிலக்ஷி வந்தாள். நீளப் பாவாடை கட்டியிருந்தாள், புஷ்பராஜ் வெட்டிக் கொடுத்த தடியை ஊன்றியிருந்தாள். தன் கதிரையில் இருந்து, பக்கத்துக் கதிரையை இழுத்து அதன்மேல் இடது காலைத் தூக்கி வைத்தாள். பாவாடையை முழங்காலுக்கு மேலே மடித்துவிட்டாள்.

"புஷ்பராஜ் அண்ணன், ஐஸ் இருந்தா ஒரு துணியில சுத்திக் குடுங்கோ," என்றாள்.

கரண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன.

"என்ன மகள் இது?" என்றாள் பேர்ள்.

"பஸ்ஸால விழுந்து உடைஞ்ச கால் அன்ரி. உள்ளுக்குக் கம்பியும் ஸ்குரூவும் இருக்கு. முழந்தாளிடக் கூடாது எண்டு டொக்டர் சொன்னவர்."

"அப்ப ஏன் பிள்ளை முழந்தாளிட்டனீ?"

"நீங்கள் கேட்டீங்கள் அன்ரி."

றேமண்ட் மனைவியைப் பார்த்தார். "நீர் அப்பவே சொல்லிட்டன் எண்டீரே?" என்று கேட்டார். அவர் எழும்பி, புஷ்பராஜ் கொண்டுவந்த ஐஸை வாங்கி, மகளுடைய காலடியில் குந்தி இருந்து முழங்காலில் வைத்துப் பிடித்தார்.

பேர்ளின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. அவள் மகனிடம் திரும்பினாள். "மெல், உமக்கு இது தெரியுமா?"

மெல்ரோய் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கோழித்துண்டை இங்கிருந்து அங்கே தள்ளினான். மெல்பேர்ணில் வீடு வாங்கியிருக்கிற, நாற்பதை எட்டிப் பிடிக்கப் போகிற ஆண்பிள்ளை. "நோ மம்மி," என்றான். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

டிலக்ஷி அவனைப் பார்க்கவில்லை. அவன் என்ன சொல்வான் என்று தெரிந்துகொண்டுதான் வந்திருந்தாள் போலும். அவள் தாயைத்தான் பார்த்தாள். இந்த முறை அது மலையில் பார்த்த பார்வை அல்ல. கேள்வி இல்லை, கெஞ்சல் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

யோசெப்பினுக்கு அந்தப் பொய்யை உடைக்க ஒரே ஒரு வசனம் போதும். தெரியும் பேர்ள், உங்கட மகனுக்கு முதல் கிழமையே தெரியும். அவ்வளவுதான். அது அவளுடைய நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வந்த இடத்தில் நின்று யோசித்தது. இவனைத் தாய்க்கு முன்னால் கள்ளனாக்கினால் அந்தக் கதவு அடைபட்டுவிடும். விட்டுவிட்டால், அவன் தனியாக இருக்கும்போது வெட்கப்பட்டுத் தாயைச் சமாதானப்படுத்தக்கூடும். இன்னும் ஒரு நூல் மிச்சம் இருக்கிறது. முப்பத்துமூன்று வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டிருக்கிறவளுக்கு நூலும் கயிறுதான்.

"எங்கட பிழைதான் பேர்ள்," என்றாள் யோசெப்பின். "தம்பியில ஒரு பிழையும் இல்லை. நாங்கள்தான் சொல்ல யோசிச்சுக்கொண்டிருந்தனாங்கள்."

மெல்ரோய் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். நன்றி சொல்கிற பார்வை. அந்தப் பார்வைக்காகவே அவனுடைய கண்ணைத் தோண்டலாம் என்று அவளுக்குப் பிறகு தோன்றியது. அந்த நேரத்தில் அவள் அவனுக்குத் தலையை ஆட்டினாள்.

"செபத்திலகூட ஏமாத்திப்போட்டீங்களே," என்றாள் பேர்ள். எழும்பிக் கை கழுவப் போனாள். "நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்."

அந்த வசனத்துக்கு அர்த்தம் தெரியாதவர் அந்த மேசையில் யாரும் இல்லை.

பேர்ளுக்கும் மகனுக்கும் திடீரென்று இன்னொரு நாள் தங்கவேண்டி வந்தது. கொட்டாஞ்சேனைக் குடும்பத்தை மட்டும் வானில் ஏற்றி அனுப்பினார்கள். டிலக்ஷி முன் ஆசனத்தில் சாரதிக்குப் பக்கத்தில் ஆசனத்தைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்டி இருந்தாள். புஷ்பராஜ் ஒரு பையில் மிச்ச ஐஸையும் கட்டிக் கொடுத்திருந்தான். ஒவ்வொரு குழியிலும் வான் குலுங்கியபோது றேமண்ட் பின்னால் இருந்து, "மல்லி, ஹெமின் யங்கோ," என்று மெதுவாகப் போகச் சொல்லிச் சாரதியைச் சிங்களத்தில் கெஞ்சினார். அவனும் மெதுவாகத்தான் ஓட்டினான்.

மலை இறங்கி முடிந்தது. பெலிஹுல்ஓயாவில் தேத்தண்ணி குடிக்க நிற்பாட்டினார்கள், குடித்தார்கள், ஏறினார்கள். வெக்கை வரத் தொடங்கியது. இரத்தினபுரிக்குக் கிட்ட வந்தபோது யோசெப்பினால் பொறுக்க முடியவில்லை. மௌனம் அவளுக்குப் பழக்கமில்லாத நோய்.

"அவர் தாய்க்குப் பயந்துதான் மகள் அப்பிடிச் சொன்னவர்," என்றாள், முன் ஆசனத்தின் முதுகைப் பார்த்து. "மனசில கெட்ட பிள்ளை இல்லை. அந்த நேரம் வேற என்ன செய்யிறது? எல்லாருக்கும் முன்னால தாயை எதிர்த்துக் கதைக்க ஏலுமா? ரெண்டு நாள் போகட்டும். நான் பேர்ளுக்கு ஒருக்கா கோல் எடுத்துக் கதைக்கிறன்."

டிலக்ஷி திரும்பவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். அவளுடைய குரலில் கோபம் இல்லை. அதுதான் யோசெப்பினைப் பயப்படுத்தியது.

"கதையுங்கோ மம்மி. வேணுமெண்டா நீங்களே போய் அவரோட இருங்கோ," என்றாள். "பொருத்தம் எண்டு பாத்தா, அவருக்கும் உங்களுக்கும்தான் நல்ல பொருத்தம்."

றேமண்ட் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யோசெப்பினுடைய மடியில் ஐஸ் பை உருகிச் சேலையை நனைத்துக்கொண்டிருந்தது. அதை முன்னால் நீட்டலாமா என்று அவள் யோசித்தாள். பிறகு கணவனிடம் கொடுத்தாள். அவர் வாங்கி, மகளிடம் கொடுத்தார். அவருடைய கையிலிருந்து டிலக்ஷி அதை வாங்கிக்கொண்டாள்.